விமான நிலையத்துக்கு வாங்கிய ஜக்கெற்

பராமரிப்பு இல்லங்களிலும் சிறையிலும் இருந்து வெளிவரும் பிள்ளைகளைப் படிப்பிலும் வேலையிலும் சேர்த்துவிடும் கனடாவின் ஸ்காபரோவில் உள்ள தொண்டு நிறுவனமொன்றில் தவமலருக்கு வேலை. அவர்கள் உடுப்பைக் குப்பைப் பையில் கட்டிக்கொண்டு வருவதைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வன்னியிலிருந்து தங்கை மகள் வந்திறங்கும்போது போட்டுவிடுவதற்காக, ஒரு குளிர் ஜக்கெற் வாங்கி வீட்டுக் கதவடியில் மாட்டியிருந்தார். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் யுத்தம் முடிந்தது. கூடவே தங்கை மகள் இறந்த செய்தியும் வந்தது. அந்தக் கார்த்திகையில், வளர்ப்பு வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்த தக்ஷிகா நடுங்கிக்கொண்டு வந்து நிற்க, அவளுக்கு அதைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த கிழமை தக்ஷிகா வந்தாள்.

"அன்ரி, காலமை போடேக்க இது உள்ளுக்குள்ள சூடா இருக்கு. ஆரோ இப்பதான் கழட்டின மாதிரி. ஹீற்றருக்குப் பக்கத்திலயும் வைக்கேல்ல."

தவமலர் ஜக்கெற்றின் கையைத் தடவினார்.

"ஓம் பிள்ளை. மே மாசம் வரைக்கும் அது குளிராத்தான் கிடந்தது."