கடனும் மொய்யும் யார் பேரில்?

விவாகரத்து வழக்கில் கைக்குட்டையைவிடக் கால்குலேட்டருக்குத்தான் வேலை அதிகம் என்று சட்டக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வில்லியனூரில் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. சீனியரின் முகத்தைப் பார்த்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று கணிக்கும் சக ஜூனியர்களே, உங்களுக்கு இது புரியும்.

சரிபாதி

அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஏழுமலை அண்ணனும் அவர் மனைவி கௌரி அக்காவும் வந்திருந்தார்கள். பிரிவது என்று இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். மகள் அம்மாவிடம் இருப்பாள், அதிலும் சண்டையில்லை. சொத்தையும் கடனையும் பிரித்து எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு சீனியர் மேடம் கோர்ட்டுக்குப் போய்விட்டார். நான் தனியாகச் செய்யும் முதல் வேலை. ஒரு போர் மோட்டார், ஒரு கறவை மாடு, ஒரு பைக். கடன் என்றால் கௌரி அக்கா மகளிர் குழு மூலம் பேங்கில் வாங்கியது மட்டும்தான். எல்லாவற்றையும் சரிபாதி என்று அழகாக எழுதி, நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன்.

கௌரி அக்கா கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "மோட்டார் இவரு நெலத்துல ஓடுது. அதுல பாதிய நான் இன்னா, இடுப்புல தூக்கி வச்சிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போவேனா?"

கையெழுத்துப் போடாத பேங்க்

குழுக் கடன் மொத்தமும் அந்த மோட்டாருக்குத்தான் போயிருந்தது. மோட்டார் அவர் நிலத்தில், கடன் இவர் பேரில். எனவே மாற்றி எழுதினேன்: மோட்டாரும் பைக்கும் கடனும் அண்ணனுக்கு, மாடு அக்காவுக்கு. இருவரும் தலையாட்டினார்கள். எனக்கு நிம்மதி.

அந்த நிம்மதி பஸ் ஏறும்வரைகூடத் தாங்கவில்லை. நம் ஒப்பந்தத்தில் பேங்க் கையெழுத்துப் போடவில்லையே? அண்ணன் கட்டாவிட்டால் பேங்க் அக்காவைத்தான் கேட்கும். அவரால் முடியாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். என் காலேஜ் ஃபீஸுக்கு என் அம்மா வாங்கியதும் இப்படி ஒரு குழுக் கடன்தான். தவணை நாள் நெருங்கினால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. மறுநாள் இருவரையும் திரும்ப வரவழைத்தேன். முதல் மனுவுக்கும் கடைசிக் கையெழுத்துக்கும் நடுவே சட்டம் ஆறு மாதம் தருகிறது, அதற்குள் கடனை அடைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போடலாம் என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஏழுமலை அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாத்து நட்டு இன்னும் பச்சையே புடிக்கல. வக்கீலம்மா அதுக்குள்ள மூட்டை கட்டிட்டாங்க."

ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

பாடத்தில் இல்லாத கடன்

வேறு ஏதாவது பாக்கி உண்டா என்று கேட்டேன். "மொய்யி," என்றார் கௌரி அக்கா. மகளின் காதுகுத்தில் அவருடைய அண்ணன், தாய்மாமன் என்ற முறையில், பெரிய தொகை வைத்திருந்தார். அந்தப் பணம் அந்த வருஷமே ஏழுமலை அண்ணன் நிலத்தின் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் போய்விட்டது. இப்போது அந்த அண்ணன் வீடு கட்டிக்கொண்டிருந்தார். புதுமனை புகுவிழா வந்தால் மொய்யைத் திருப்பி வைத்தாக வேண்டும்.

இதற்கு எந்தச் சட்டப் பிரிவு என்று நான் விழித்தேன். பிரிந்த பிறகு அந்த வீட்டு விசேஷத்துக்கு எப்படிப் போவீர்கள், விட்டுவிடலாமே என்று ஏழுமலை அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பொண்டாட்டி வேணாம்னு கோர்ட்டுல கையெழுத்துப் போடலாம். மச்சான் வச்ச மொய்ய வேணாம்னு எந்தக் கோர்ட்டுல போயி போடறது?"

மொய்யைத் திருப்பி வைப்பது அண்ணன் பொறுப்பு என்று அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். சீனியர் மேடம் அந்த வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார், பேனாவால் அடிக்காமல் விட்டார்.

பஸ்ஸில் வந்தவர்

அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத நான் தினமும் வானத்தைப் பார்த்தேன். அபிஷேகப்பாக்கத்தில் பயிர் சாய்ந்துவிட்டது என்று சொன்னார்கள். கடன் அடையாமல் நின்றுபோனால் இவ்வளவு பேசியது வீண். கௌரி அக்கா குழுவில் தலைகாட்ட முடியாது.

கடைசிக் கையெழுத்து நாள். கௌரி அக்கா முதலில் வந்து, கடன் முடிந்ததற்குக் குழுத் தலைவி கொடுத்த ரசீதை என் மேஜைமேல் வைத்தார். ஏழுமலை அண்ணன் தாமதமாக, நனைந்து வந்தார். எப்போதும் பைக்கில் வருபவர். நெல் விற்ற பணம் போதவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பைக்கை வித்துட்டீங்களாண்ணே என்றேன்.

"ஊருக்குப் போவ பஸ்ஸு கீது வக்கீலம்மா. கௌரி பேரு குழுவுல கெட்டுப்போச்சின்னா வேற பேருக்கு அது எங்க போவும்?"

மொய் மேஜை

புதுமனை புகுவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஏழுமலை அண்ணன் வந்து வரிசையில் நின்றபோது பந்தலில் பேச்சு குறைந்தது. மொய் எழுதுபவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "பேரு இன்னான்னு போட?" என்றார். எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கப்படி, வைத்த மொய் யார் பேரில் இருக்கிறதோ, அவர் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். தங்கையைப் பிரிந்துபோன மச்சான் பேருக்கு யார் திருப்பி வைப்பது?

"எம் பொண்ணு பேருல எழுது. நாளைக்கு மாமன் அதுக்கு வக்கட்டும்," என்றார் அண்ணன்.

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கௌரி அக்கா என்னிடம் வந்தார். கண்கள் வேறெங்கோ பார்த்தன. "அவர சாப்ட்டுட்டுப் போவச் சொல்லு வக்கீலம்மா. நான் சொன்னேன்னு சொல்லாத."

அவர்கள் புண்ணியத்தில், இன்றும் 'சரிபாதி' என்று டைப் அடிக்கப் போகும் என் விரல், மோட்டார் யார் நிலத்தில் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கீபோர்டில் இறங்குகிறது.