சிவப்பு அம்பு

தைத்து வரும் சட்டைகளை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து அனுப்புவது எங்கள் செக்கிங் மேஜையின் வேலை. குறை தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. தையல் பெண்களோடு ஒருமுறை பெரிய ரகளையாகிவிட்டதால் சூப்பர்வைசர் போட்ட விதி அது.

எனக்கு எதிரே உட்காருபவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர்கள் ஒரு சட்டையில் ஒரு அம்பு ஒட்டினால் அவள் நாலு ஒட்டுவாள். வீட்டிலும் அப்படித்தான். மாமியார் கொடுக்கும் பாலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக், வாயில்லாப் பூச்சி. அவர் குளிக்கப் போனால் இவள் அவர் சட்டைப் பையைத் துழாவுவாள். இதுவரை ஸ்க்ரூ ஆணிகள்தான் கிடைத்திருக்கின்றன.

கல்யாணமாகி நாலு வருடம். குழந்தை இல்லை. அவளுக்குக் குழந்தை என்றால் உயிர். ஆலையில் யார் கைக்குழந்தையோடு வந்தாலும் அன்று இவள் மேஜையில் வேலை ஓடாது.

போன வருடம் இருவரும் டாக்டரம்மாவிடம் போனார்கள். எல்லாச் சோதனையும் எடுத்துவிட்டு, "வயசு முப்பத்திமூணுதானே, பெரிசா எதுவும் தெரியல. இன்னும் ஒரு வருஷம் இயல்பா பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனி. கணவரின் ரிப்போர்ட் மேல் சந்தேகம். "அந்த லேப்ல யாரோடதை யார் பேர்ல போட்டாங்களோ" என்று அவரை இன்னொரு இடத்தில் சோதிக்க வைத்தாள். அவரும் முணுமுணுக்காமல் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அங்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு டாக்டர் மேல் பாய்ந்தாள்.

"இழுத்தடிக்குதுடி அந்தம்மா. வேணும்னே ஒரு வருஷம் வீணாக்கிடுச்சு" என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நானும் சேர்ந்து டாக்டரைத் திட்டினேன்.

போன வாரம் சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"முப்பத்திநாலுக்கும் முப்பத்தெட்டுக்கும் டாக்டருக்கு என்னடி அவ்வளவு பெரிய வித்தியாசம்?"

"யாருக்கு முப்பத்தெட்டு?"

கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எனக்குப் பொறி தட்டியது. துருவிக் கேட்டதும் எல்லாம் வெளியே வந்தது. கல்யாணத் தரகர் நாலு வயதைக் குறைத்து எழுதிக்கொடுத்திருக்கிறார். அவள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை. கணவருக்கு முப்பத்தாறு, இவள் அவரைவிட இரண்டு வயது பெரியவள். அடையாள அட்டையைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்து, எந்தப் படிவமானாலும் தானே நிரப்பித் தானே கொடுத்து, நாலு வருடத்தை ஓட்டியிருக்கிறாள். நான் அவளை என் வயதுக்காரி என்று நினைத்து வாடி போடி என்று பேசிக்கொண்டிருந்தேன்.

வந்த கோபத்தில் என் டிபன் பாக்ஸை மூடிவைத்தேன். "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தியே, டாக்டர்கிட்டயுமா பொய் சொல்லுவே?"

"அவர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்காரு. எப்படிச் சொல்றது? தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவாருடி."

துணைக்கு வா என்று கெஞ்சினாள். போனேன். டாக்டர் அறையில் மூன்று நாற்காலிகள். அவள் கணவர், அவள், நான். டாக்டரம்மா பொறுமையாகவே பேசினார்கள்.

"மனசை விடாதீங்க. ஆறேழு ஜோடியில ஒரு ஜோடிக்கு இந்தச் சிரமம் இருக்கு. வெளிய சொல்றதில்லை, அவ்வளவுதான். முப்பத்தஞ்சைத் தாண்டினாதான் கருமுட்டை வேகமா குறையும். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கு. ஆறு மாசம் மாத்திரையிலயே பார்க்கலாமா?"

அவர் தலையாட்டினார். நான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் வாய் திறந்து திறந்து மூடியது. பிறகு கைப்பையிலிருந்து எங்கள் ஆலை ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஒரு சிவப்பு அம்பைக் கிழித்து, ஃபைலில் 'வயது 34' என்று தன் கையால் எழுதியிருந்த இடத்தில் ஒட்டினாள். உள் ஜிப்பைத் திறந்து அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்தாள்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார்கள். பேனாவை மூடி வைத்தார்கள்.

"போன வருஷமே சொல்லியிருந்தா, உங்களைக் காத்திருங்கன்னு நான் சொல்லியிருக்கவே மாட்டேனேம்மா."

டாக்டர் இழுத்தடித்ததாக அவள் சொன்ன ஒரு வருடம். யார் வீணாக்கியது என்று கடைசியில் தெரிந்துவிட்டது. பூதக்கண்ணாடி சத்தம் போட்டு அழுதாள்.

"இப்பவும் வாய்ப்பு இல்லைன்னு சொல்லல, குறைஞ்சிருக்கு. இனி ஒரு மாசம்கூடத் தள்ளக் கூடாது. கீழ ரெண்டாம் மாடியில இன்னைக்கே ரத்தம் கொடுத்துடுங்க" என்று சீட்டு எழுதினார்கள்.

அவர் அட்டையை எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவர் சந்தேகப்பட்டு ஒரு பொருளைப் பார்த்து நான் கண்டது அன்றுதான்.

"இதை உள்ள வெச்சுக்கிட்டுத்தான் என் பையைத் துழாவினியா?" என்றார். சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அவ்வளவுதான், போய்விட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தாழ்வாரத்தின் கோடியில் லிஃப்ட் கதவு மூடப்போய்த் திறந்தது, மறுபடி மூடப்போய்த் திறந்தது. அவர் உள்ளே நின்று கதவுக்குக் குறுக்கே காலை நீட்டியிருந்தார். இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏறு. நாள் இல்லைன்னு சொன்னாங்கல்ல" என்றார்.