நாச்சியாபுரத்தில் கால்பந்துத் தண்ணீர்

நாச்சியாபுரம் தாண்டியதும் பஸ் புகைகிறது. ரேடியேட்டர் கொதிக்கிறது, தண்ணீர் ஊற்றாமல் நகராது என்கிறார் டிரைவர். பக்கத்து ஊருணி வறண்டு வெடித்துக் கிடக்கிறது. ஐந்து மணிக்கு நான் காரைக்குடியில் மேடையேறிப் பேசியாக வேண்டும். உலகக் கோப்பை வருடம் என்பதால், 'பணக்கார நாடுகள் கால்பந்தில் கொட்டும் பணம் வீணா?' என்று தலைப்பு. வீண்தான் என்று பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நான் கடைசியாகக் கால்பந்தை உதைத்தது பள்ளிக்கூடத்தில். அப்போதும் கால் பந்தின் மேல் படவில்லை.

சாலையோரத் தோட்டத்திலிருந்து ஒருவர் கை காட்டுகிறார்.

"இங்குட்டு வாங்க சார், போர் தண்ணி இருக்கு."

பெயர் சவரிமுத்து. மோட்டாரைப் போடுகிறார். டிரைவர் ரேடியேட்டருக்குக் குடத்தில் பிடிக்கிறார், நான் எனக்குச் சொம்பில் பிடிக்கிறேன். எங்கே பயணம் என்று சவரிமுத்து கேட்கிறார். தலைப்பைச் சொன்னதும் சிரிக்கிறார்.

"ஏழு வருசம் வளைகுடாவுல பந்து மைதானத்துப் புல்லுக்குத் தண்ணி விட்டவன் சார் நான். வெள்ளக்காரக் கோச்செல்லாம் கூட்டியாந்து கொட்டுனாக காச!"

"ஜெயித்தார்களா?"

"எங்குட்டு ஜெயிக்க! வந்தவுக எல்லாம் கோல் போட்டுட்டுப் போனாக. புல்லு மட்டும் பச்சப்பசேல்னு நின்னுச்சு. அந்தச் சம்பளத்துலதான் இந்த போர போட்டேன்."

இரண்டாவது சொம்பில் எனக்குப் புரையேறுகிறது.

"மெதுவாக் குடிங்க சார். வீண்னுதான பேசப் போறீக?"

பஸ் கிளம்புகிறது. பன்னிரண்டு பக்கத்தையும் மடித்து விசிறிக்கொள்கிறேன். நேரத்துக்குப் போய்விடுவேன், என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. மேடையில் சோடா வைத்திருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கால்பந்து புண்ணியத்தில் வயிறு நிறைந்திருக்கிறது.