பெரியப்பா இல்லாத வருஷப்பிறப்பு

சித்திரை முதல் தேதியைக் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களைச் சுற்றியிருந்தவர்கள் விஷு என்றார்கள், நாங்கள் வருஷப்பிறப்பு என்றோம். கணி மட்டும் இரண்டு கூட்டத்துக்கும் பொது. முதல் நாள் சாயங்காலமே உருளியில் அரிசி பரப்பி, வெள்ளரிக்காய், தேங்காய், கொன்றைப்பூ, புதுத்துணி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் அடுக்கி வைத்துவிட வேண்டும். விடியுமுன் ஒருவர் எழுந்து விளக்கேற்றி, மற்றவர்களை ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்தி அழைத்துப்போய் அதன் முன் நிறுத்துவார். கண்ணைத் திறந்ததும் முதலில் படுவது அதுவானால் வருஷம் முழுக்க நல்லது நடக்கும். எங்கள் வீட்டில் அப்படி அழைத்துப் போகிறவர் பெரியப்பா. அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது.

இதில் வினோதம் ஏதும் இருப்பதாக எட்டு வயதுவரை எனக்குத் தோன்றியதில்லை. இருட்டில் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடக்க எங்கள் வீட்டில் அவரை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் கண்ணைப் பொத்தினால் விரலிடுக்கில் கொஞ்சம் பார்த்துவிடலாம். பெரியப்பாவின் உள்ளங்கையில் அந்தத் தில்லுமுல்லு எடுபடாது. அவர் கையில் பிரம்பும் வார்னிஷும் மணக்கும்.

பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர். நான் பிறப்பதற்கு வெகு முன்பு, யுத்தத்தில் கண்ணிவெடி வெடித்துப் பார்வை போனது. ஊருக்கு வந்தவர் முதலில் நெடுநாள் சுவரோரம் உட்கார்ந்தே கிடந்தார் என்பாள் பெரியம்மா. பிறகு வடக்கே எங்கோ போய், கோல் பிடித்து நடக்கவும் பிரம்பு நாற்காலி பின்னவும் கற்றுக்கொண்டு திரும்பினார். வந்த வேகத்தில் பஜாரில் சும்மா கிடந்த ஒரு சுக்கு கோடவுனை வாடகைக்குப் பிடித்தார். கண் தெரியாதவர்கள், போலியோவில் கால் சூம்பியவர்கள் என்று ஒரு கூட்டமே அங்கே சேர்ந்தது. நாற்காலி பின்னுவது, ரோடு கடப்பது, கொதிக்கிற சாயாவைச் சிந்தாமல் கிளாசில் ஊற்றுவது, எல்லாம் அங்கே பாடம். இடக்கொச்சியில் ஒரு வீட்டில் கண் தெரியாத பிள்ளையை உள்ளறையில் வைத்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், பெரியப்பா போய் அந்த வாசலில் நின்றுவிடுவார். திட்டினாலும் நகர மாட்டார். கடைசியில் அவர்களே அலுத்துப்போய்க் கதவைத் திறப்பார்கள்.

அவரால் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. ஓர் அறைக்குள் நுழைகிறவர் பேரைச் சொல்லிக்கொண்டே நுழைய வேண்டும். நான் வகுப்புக்குள்ளும் அப்படியே பேரைச் சொல்லிக்கொண்டு நுழைந்து டீச்சரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை, எங்கள் அத்தை. முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. கோடவுனில் இருந்தவர்களுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அவள்தான். வரன் வரும், விசாரிப்பார்கள், பிறகு சத்தமே இருக்காது. கண்ணில்லாதவர்களும் காலில்லாதவர்களும் வந்துபோகிற வீட்டில் யார் பெண்ணெடுப்பார்கள் என்று அம்மா அடுப்படியில் முணுமுணுப்பாள். எங்கள் வீட்டில் அறைகளுக்கு நடுவே வெறும் பலகைத் தடுப்பு. முணுமுணுப்பது யாருடைய காதில் விழும் என்பது அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அந்த வருஷம் ஆலுவாவிலிருந்து ஒரு வரன் வந்தது. அவர்களும் எங்களைப் போலத் தமிழ்க்காரர்கள். மாப்பிள்ளைக்கு லேத் பட்டறையில் வேலை. போட்டோவைப் பார்த்துப் பிடித்துவிட்டது, வருஷப்பிறப்பன்றே பெண் பார்க்க வருகிறார்கள் என்று தரகர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு அப்பாவை மெதுவாக ஒரு ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"சேட்டா, தப்பா நினைக்கண்டா. அன்னைக்கு உங்க அண்ணன் முன்னால வந்து நிக்க வேண்டாம், கேட்டோ. நல்ல நாளாக்கும்."

அப்பா கார்ப்பரேஷனில் குழாய் வேலை பார்த்தவர். எந்த அடைப்பையும் எடுத்துவிடுவார், ஆனால் இந்த ஒரு வார்த்தை அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் பெரியப்பாவையே சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது பெரியப்பாவே ஆரம்பித்தார்.

"இந்தத் தடவை கணியைக் கோடவுன்ல வெக்கலாம்னு இருக்கேன். ஊருக்குப் போகாத பிள்ளைங்க கொஞ்சம் பேரு அங்கேயே கிடக்குதுங்க."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெரியம்மா எழுந்து உள்ளே போனாள். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. எங்களைவிட அவர்கள்தான் அவருக்கு ஒசத்தி என்று அழுது தீர்த்தேன். மறுநாள் சாயங்காலம் வெள்ளரிக்காயும் கொன்றைப்பூவும் நிறைந்த பையோடு அவர் கிளம்பியபோது, போய்வருகிறேன் என்று என்னிடம் சொன்னதற்கு நான் வாயே திறக்கவில்லை.

விடியற்காலையில் அப்பா என் கண்ணைப் பொத்தி அழைத்துப் போனார். கண் நன்றாகத் தெரிகிற அப்பா என்னைக் கொண்டுபோய் நிலைக்கட்டையில் மோதினார். அந்த வருஷம் நான் முதலில் கண்டது நட்சத்திரங்களைத்தான். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக அழக் கூடாது என்று அம்மா என் வாயையும் பொத்தினாள்.

பத்து மணி வாக்கில் வாடகை ஜீப் ஒன்று தெரு முக்கில் வந்து நின்றது. மாப்பிள்ளை, அவர் அம்மா, மாமா என்று இறங்கி வந்தார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசாதவராக இருந்தார். அத்தை சாயா கொண்டுவந்து வைத்தபோது, டம்ளர் சுடும், பார்த்து என்றார் அவளிடம். அத்தையின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்தச் சம்பந்தம் கைகூடிவிடும் என்று எனக்கே தெரிந்தது.

ஜீப்பைப் பார்க்கும் ஆசையில் நான் நழுவி முக்குக்கு ஓடினேன். பின் சீட்டில் என்னைவிடப் பெரிய பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். ஜன்னலெல்லாம் ஏற்றிவிட்டிருந்ததால் வேர்த்து வழிந்தது. கதவைத் திறந்து, பழக்க தோஷத்தில் என் பேரைச் சொன்னேன். அவள் முகம் என் பக்கம் திரும்பியது, ஆனால் கொஞ்சம் தள்ளித் திரும்பியது. கோடவுனுக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள்.

"கேக்கறதுக்கு முன்னாடியே பேரு சொல்றே?" என்றாள்.

"எங்க வீட்ல அப்படித்தான்."

"அண்ணனுக்குப் பொண்ணு பாக்கறாங்க. நான் இறங்கக் கூடாதாம்."

நான் ஓட்டமாக ஓடி வந்து, அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். ஜீப்பில் ஒரு அக்கா இருக்கிறாள், அவளுக்குக் கண் தெரியாது என்றேன். இன்றைக்குப் பார்த்தா இந்தப் பேச்சு என்று அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அதற்குள் கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்கு மூத்த அண்ணன் ஒருத்தர் பட்டாளத்துல இருந்தவராமே. அவரு எங்கே?"

"அவரு இங்க இல்லீங்க. வடக்கே எங்கயோ இருக்காரு. போக்குவரத்தே கிடையாது," என்றார் அப்பா.

"கண்ணு தெரியாதவர்னு கேள்விப்பட்டோம்."

அப்பா அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். எதற்காகக் கேட்கிறார் என்பது தனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். பாவம், அவருக்குத் தங்கை கரையேற வேண்டும் என்பதைத் தவிர அப்போது வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அதைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம். அப்படிப்பட்டவங்க யாரையும் நாங்க வீட்ல சேக்கறதில்ல."

அந்த அம்மாள் குடித்துக்கொண்டிருந்த சாயாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ஊர்ப்பேச்சு நடந்தது. பிறகு தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொண்டார்கள். வாசலில் செருப்பைப் போடும்போது மாப்பிள்ளை ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அப்பா எங்களுக்கு வெல்லம் கொடுத்தார்.

சாயங்காலம் தரகர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். பெரியப்பாவும் கோடவுனிலிருந்து திரும்பியிருந்தார். மாப்பிள்ளைக்குக் கண் தெரியாத ஒரு தங்கை இருப்பதை அவர்கள் தரகரிடம்கூட மறைத்திருந்தார்கள். பெரியப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் இந்தச் சம்பந்தத்துக்கே ஆசைப்பட்டார்களாம். அவர் தங்கை மருமகளாக வந்தால் தன் பெண்ணை ஒதுக்க மாட்டாள் என்று அந்த அம்மாள் நம்பி வந்தார். கூடப்பிறந்த அண்ணனையே இல்லை என்கிற வீட்டில் வேண்டாம் என்று ஜீப் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பெரியப்பா அவரைத் திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவரோ தரகர் இருந்த பக்கம் திரும்பி, "அந்தக் குட்டி பள்ளிக்கூடம் போவுதா?" என்றார்.

"எவிடெப் போக? வீட்டை விட்டே இறக்கினதில்ல போல."

"நாளைக்கு நான் ஆலுவா போறேன்."

அம்மாவுக்கு உயிர் வந்தது. நீங்களே நேரில் போய்ச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். பெரியப்பா மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன். பொண்ணைக் கட்டிக்கோங்க, பதிலுக்குக் குட்டியைப் பாத்துக்கறோம்னு ஆயிடும். அப்புறம் அந்தக் குட்டி எங்க இருந்தாலும் தலைப்பாரம்தான்."

"அப்போ இவ கதி?" என்று அம்மா கத்தினாள்.

பெரியப்பா அத்தை இருந்த திசையில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அத்தை எழுந்து, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பொம்பளைப் பிள்ளையைக் கூட்டிட்டு வரணும்னா நானும் வரணும்ல, அண்ணே," என்றாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். எனக்கு ஒரே குதூகலம். அத்தை மாப்பிள்ளையைக் கூட்டிவரத்தான் போகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொழுது சாயும்வரை முக்கிலேயே நின்றேன். கடைசியில் பெரியப்பா கோலைத் தட்டிக்கொண்டு வந்தார். பின்னால் அத்தை, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண். கையில் ஒரு துணிப்பை.

"மாப்பிள்ளை வரலையா?" என்று நான் தெருவே கேட்கும்படிக் கேட்டேன்.

"அவருதான் பஸ் ஏத்திவிட்டாரு," என்றாள் அத்தை.

பஸ் ஏற்றிவிடுகிறவர் தானும் ஏறிக்கொண்டால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தைக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. பெரியப்பா போன பிறகு கோடவுனை அவள்தான் நடத்தினாள். அந்த அக்கா அங்கேயே வளர்ந்து, டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குப் போனாள். நான் காலேஜில் படிக்கும்போது ஒருநாள் அவள் அந்தப் பஸ் பயணத்தைப் பற்றிச் சொன்னாள். பெரியப்பா முன் சீட்டில் இருந்தாராம். எறும்பு ஊர்ந்தாலும் கேட்டுவிடும் காது அவருக்கு. ஆலுவாவிலிருந்து மட்டாஞ்சேரிவரை அத்தை மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் அழுதுகொண்டே வந்தாளாம். அந்த அக்காவின் கை அத்தையின் மடியில் இருந்ததால் அவளுக்கு மட்டும் தெரிந்ததாம்.

அன்றைக்கு முக்கில் நான் அத்தையின் முந்தானையைப் பிடித்தபோது அது நனைந்திருந்தது. சித்திரை மாசத்துப் புழுக்கம், பஸ்ஸில் நன்றாக வேர்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.