தேதி சொல்லாத மழை

வைத்தியர் தவறினால் ஒரு வீட்டுக்குத்தான் தெரியும். வானிலைக்காரன் தவறினால் கொடியில் துணி காயப்போட்ட அத்தனை வீட்டுக்கும் தெரியும். என் பேச்சை நம்பிக் குடை எடுக்காமல் போனவர்களே, அன்றைக்கு நானும் நனைந்தவன்தான். பருவமழை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும், விருதுநகரில் வேலை பார்த்த வருஷங்கள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன.

தீபாவளி முந்திக்கொண்டது

தங்கராஜ் அண்ணாச்சிக்குச் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி. ஒரு வருஷம், ஐப்பசி முதல் மார்கழி வரை மழை அதிகம் என்று பட்டாசு முதலாளிகள் கூட்டத்தில் சொன்னேன். ஈரத்தில் சரக்கு காயாதே என்று பயந்து, கடைசி நேர ஆர்டர்களை அவர் வேண்டாமென்றுவிட்டார். ஐப்பசி முழுக்கச் சுள்ளென்று வெயில். மார்கழியில் கண்மாய்கள் நிரம்பி வழிந்தன. மொத்தக் கணக்கில் என் கணிப்பு சரிதான். ஆனாலும் காபிக் கடையில் அவரைப் பார்த்ததும் திரும்பி நடந்தேன். அவரே கூப்பிட்டுக் காபி சொன்னார்.

"சங்கடப்படாதீக சார். நீங்க சொன்ன மழை வந்துருச்சு. தீபாவளிதான் அவசரப்பட்டுப் போயிருச்சு."

தாளில் ஒரு குடை

காலண்டர் அச்சடிக்கும் சுப்புராஜுக்கு ஓர் ஆசை. அடுத்த வருஷக் காலண்டரில் மழை நாள் தாள்களில் மட்டும் சின்னக் குடைப் படம் போட வேண்டும். ஆடி மாதமே வந்து தேதி கேட்டார். பருவத்தைச் சொல்லலாம், நாளைச் சொல்ல முடியாது என்று படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"எங்க பஞ்சாங்கக்காரரு வருசம் பூராவுக்கும் ராகுகாலம் எழுதிக் குடுத்துட்டாரு. அம்புட்டுப் படிச்ச நீங்க ஒரு தேதி சொல்ல மாட்டேங்கிறீகளே!"

வராத இடி

ஆள் குறைவாக இருந்த ஒரு வாரம், இடி மின்னல் எச்சரிக்கை கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஒரு மதியம் மேகம் திரள்வதை ரேடார் திரையில் பார்த்து, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலைக்கு ஃபோன் செய்தேன். போர்மேன் உடனே வேலையை நிறுத்தி எல்லாரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். மேகம் கலைந்தது. ஒரு துளி இல்லை.

அரைநாள் கூலி என்னால் போயிற்றே என்று மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் நேரில் போய், வேனிலிருந்து இறங்கிய பெண்களிடம் மன்னிப்புக் கேட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். முத்துமாரி மட்டும் சிரிக்கவில்லை. முந்தின வருஷம் வேறொரு கம்பெனியில் மின்னல் விழுந்து தம்பியைப் பறிகொடுத்தவர் அவர்.

"இதுக்கா சார் மன்னிப்பு? பள்ளிக்கூடம் விட்டு வந்த எம்மவ, வாசல்ல என்னையப் பாத்ததும் புத்தகப் பையக் கீழ போட்டுட்டு ஓடியாந்தா. சந்தேகமா இருந்தாலும் சொல்லிருங்க சார்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒருமுறைகூடப் பிசகாத கணிப்பு ஒன்றே ஒன்றுதான்: நாம் சரியாகச் சொன்ன நாளில் அலுவலக ஃபோன் அடிக்கவே அடிக்காது.