டார்ச்சுக்காரரும் ரெண்டு டப்பா மூடியும்

நான் கொஞ்சம் வாய்க்காரி. நானே ஒத்துக்கிறேன். நான் ஒத்துக்கலைன்னாலும் என் வீட்டுக்காரர் எனக்குப் பதிலா ஒத்துக்குவாரு. வீட்டு முன்ரூம்ல முப்பது வருஷமா தையல் கடை வெச்சிருக்கேன். அளவு கொடுக்க, தைச்சதைப் போட்டுப் பார்க்கன்னு நாள் முழுக்கப் பொம்பளைங்க வந்துபோற இடம். அங்க ஒரு வார்த்தை விழுந்தா சாயங்காலத்துக்குள்ள நாலு தெரு சுத்திடும். ஒருதடவை, எங்க வீட்டுக்கு ஒரு தச்சர் செஞ்ச அலமாரிக் கதவு ஒழுங்கா மூடலைன்னு கடையில உட்கார்ந்து பொரிஞ்சு தள்ளினேன். அந்த ஆளுக்கு அப்புறம் இந்தப் பக்கம் வேலையே வரலை. அப்ப எனக்கு அதுல கொஞ்சம் பெருமைகூட.

எங்க வீட்டுச் சுவர் பெயிண்ட் பார்த்துப் பதினோரு வருஷம் ஆச்சு. ஆளு தேடினப்போ எல்லாரும் சொன்ன பேரு டார்ச்சுக்காரர். பட்டப்பகல்ல ஜன்னலைச் சாத்திட்டு, சுவரோட ஒட்டி டார்ச் அடிச்சுப் பார்ப்பாராம், அதனால அந்தப் பேரு. புருஷனும் பொண்டாட்டியுமா சேர்ந்து வேலை செய்யறவங்க. வந்த அன்னைக்கு முதல் வேலையா கட்டில், பீரோ, என் தையல் மெஷின் எல்லாத்தையும் பிளாஸ்டிக் ஷீட்டால மூடி, ஓரத்துல டேப் ஒட்டினாங்க. பிரசவ வார்டுலகூட அவ்வளவு சுத்தம் பார்க்க மாட்டாங்க.

அந்தம்மா என்கிட்ட கலர் அட்டையை விரிச்சுக் காட்டிட்டிருந்தா. நான் அவர்கிட்ட, "ஏம்ப்பா, ஹாலுக்கு இந்த இளம்பச்சை எடுக்குமா?"ன்னு கேட்டேன்.

அவர் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "அதெல்லாம் அவளைக் கேளுங்கக்கா. சுவர் என்னுது, கலர் அவளுது."

சரிதான், பொண்டாட்டிக்குப் பயந்த ஆளுன்னு நினைச்சுக்கிட்டேன்.

மூணு நாளாச்சு. பட்டி வைக்கிறாரு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாரு. மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. வீடெல்லாம் வெள்ளைத் தூசி, ஒரு சொட்டு பெயிண்ட் கிடையாது. மூணாம் நாள் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "என்னப்பா, சுவருக்கு பவுடர் பூசிக்கிட்டே இருக்கப்போறியா, இல்ல என்னைக்காவது பெயிண்ட் அடிப்பியா?"

மனுஷன் கோவிச்சுக்கலை. "இங்க வாங்கக்கா"ன்னு கூப்பிட்டு, இன்னும் தொடாத ஒரு சுவர்ல டார்ச்சை ஒட்டி அடிச்சாரு. அடக் கடவுளே! மட்டமா இருக்குன்னு நான் நம்பிட்டிருந்த சுவர், அம்மை போட்ட மூஞ்சி மாதிரி மேடும் பள்ளமுமா நிக்குது. அடுத்தாப்புல அவர் முடிச்ச சுவர்ல அடிச்சாரு. வெளிச்சம் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிவரைக்கும் வழுக்கிட்டுப் போச்சு, எங்கயும் ஒரு நிழல் விழலை.

"கலரை எப்ப வேணா மாத்திக்கலாம்கா. சுவர் சரியில்லைன்னா எந்தக் கலரும் காட்டிக் கொடுத்துடும்"னாரு. அப்புறம் போறபோக்குல, "உங்க அலமாரிக்குப் பின்னாடி சுவர் நல்லா புடைச்சிருந்துச்சு. அது தள்ளித்தான் அலமாரியே கோணி நின்னிருக்கு. சரி பண்ணிட்டேன், இனிமே கதவு மூடும்"னாரு.

நானும் உள்தையல் கோணினா பிரிச்சுத் தைக்கிறவதான். யாரும் பார்க்காத இடத்துல ஒழுங்கா வேலை செய்யறவங்களை எனக்குத் தெரியும். என்ன வேலைக்காரன்! ஆனா அலமாரியைப் பத்தி அவர் சொன்னது நெஞ்சுல முள்ளாட்டம் நின்னுடுச்சு. நேரா கடைக்கு வந்துட்டேன்.

நாலாம் நாள் முதல் கோட் முடிஞ்சுது. ஹாலுக்கு இளம்பச்சை, படுக்கை ரூமுக்கு இளம் ரோஸ். அன்னைக்கு அவங்க போனதுக்கப்புறம், திரைச்சீலைத் துணி பொருந்துதான்னு பார்க்க ரெண்டு டப்பாவையும் நானே திறந்தேன். பார்த்துட்டிருக்கும்போதே கடையில ஒருத்தி அவசரம்னு கூப்பிட்டா. மூடிகளை அமுக்கி வெச்சுட்டு ஓடினேன்.

மறுநாள் அந்தம்மாவுக்கு ஜுரம். அவர் மட்டும் வந்தாரு. மத்தியானம் டீ எடுத்துட்டு ஹாலுக்குள்ள போறேன், ஜன்னல் பக்கச் சுவர் பாதிக்கு ரோஸ்! நேத்து அடிச்ச பச்சை மேலயே ரோஸ்! நான் கத்தின கத்துல தெருவுல போன சைக்கிள் நின்னுடுச்சு.

அவர் ஏணியில இருந்து இறங்கிச் சுவரைப் பார்த்தாரு. "எங்கக்கா? ரோலர் கோடு விழுந்திருக்கா?"ன்னு டார்ச்சை எடுத்து, அந்த ரோஸ் சுவர்ல மேடு பள்ளம் தேட ஆரம்பிச்சாரு.

எனக்குக் கோபம் பாதியில நின்னுபோச்சு. கடைக்குப் போய் ஒரு பச்சை நூல்கண்டும் ஒரு ரோஸ் நூல்கண்டும் எடுத்து வந்து நீட்டினேன். "இதுல பச்சை எதுப்பா?"

ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் ஏணியோட கடைசிப் படியில உட்கார்ந்துட்டாரு.

"ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்கா. பிறந்ததுல இருந்தே இப்படித்தான்."

சின்ன வயசுல இந்த வேலைக்கு வந்து, கலரை மாத்தி மாத்தி அடிச்சு, மூணு மேஸ்திரிகிட்ட திட்டு வாங்கி வெளிய வந்தவராம். கல்யாணமான புதுசுல தக்காளி வாங்கப் போய், பாதிக்குப் பாதி பச்சைக் காயா வாங்கிட்டு வந்து நின்னிருக்காரு. அந்தம்மாதான் கண்டுபிடிச்சா. சிரிக்கலை. மறுவாரமே, "கலர் நான் பார்த்துக்கிறேன், நீங்க சுவரைப் பாருங்க"ன்னு கூடவே கிளம்பிட்டா. பதினாறு வருஷமா அவளுக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. கலரே தெரியாத பெயிண்டரை எவன் வீட்டுக்குள்ள விடுவான்?

"மூடி மேல டேப் ஒட்டித் தருவாக்கா. ஒரு டேப்புன்னா ஹால், ரெண்டு டேப்புன்னா ரூம். ஜுர வேகத்துல மாத்தி ஒட்டிட்டா போல. அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க. அந்தச் சுவரை நான் தேய்ச்சு மறுபடி அடிச்சுத் தர்றேன்."

மூடி! நேத்து அவசரத்துல அதை அமுக்கி வெச்சவ நான்தானே. மாத்தினது அந்தம்மா இல்லை. எல்லாத்துக்கும் முந்திக்கிட்டு வர்ற என் நாக்கு இதை மட்டும் ஒளிச்சுக்கிச்சு. "சரி சரி, டீ ஆறுது, குடி"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். எனக்கே என் மேல அப்படி ஒரு வெறுப்பு.

மறுநாள் காலையில அந்தம்மா ஜுரத்தோடயே வந்துட்டா. "தப்பு என்னுதுக்கா, நான்தான் டேப்பை மாத்தியிருப்பேன்"கிறா. "இல்ல, நான்தான் உன்கிட்ட போன்ல கேட்டிருக்கணும்"கிறாரு அவர். செய்யாத தப்புக்கு ரெண்டு பேரும் போட்டி போடறாங்க, செஞ்சவ நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். அப்புறம் அவ என்னைத் தனியாக் கூப்பிட்டா. மெதுவாச் சொன்னா.

"அக்கா, கடையில மட்டும் சொல்லிடாதீங்க. அந்தத் தச்சருக்கு ஆனது எங்களுக்கும் தெரியும்."

யாரும் என்னை அப்படி அடிச்சதில்லை. சொல்ல மாட்டேன்னு தலையை ஆட்டினேன்.

அன்னைக்கு மத்தியானம் கடையில மூணு பேர் இருந்தாங்க. அதுல ஒருத்தி, ரேடியோன்னு நாங்க பேரு வெச்ச பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்குத் தைச்ச சட்டையை மாட்டிவிட்டு, வாயில குண்டூசியை வெச்சுக்கிட்டு இடுப்புப் பக்கம் பிடிச்சிட்டிருந்தேன். உள்ள டார்ச்சுக்காரர் அந்தச் சுவரைத் தேய்ச்சிட்டிருந்தாரு.

"நேத்து பெயிண்டரை அந்தக் கத்து கத்துனீங்களே, என்னக்கா பண்ணான் அந்த ஆளு?"ன்னா ரேடியோ. "அடுத்த வாரம் எங்க வீட்டுக்கும் அவங்களைத்தான் வரச் சொல்லியிருக்கேன். சரியில்லைன்னா இப்பவே சொல்லுங்க, வேற ஆள் பார்க்கிறேன்."

மத்த ரெண்டு பேரும் தலையைத் தூக்கினாங்க. உள்ள உப்புத்தாள் சத்தம் நின்னுபோச்சு.

உண்மையைச் சொல்றேன், கலர் தெரியாத பெயிண்டர் கதை என் நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு. முப்பது வருஷத்துல அப்படி ஒரு சேதி என் கடைக்கு வந்ததே இல்லை. வாயில இருந்த ஊசியை ஒவ்வொண்ணா எடுத்தேன்.

"அவர் ஒரு தப்பும் பண்ணலைடி"ன்னேன், உள்ள கேட்கட்டும்னு நல்லா சத்தமாவே. "முந்தாநாள் டப்பாவைத் திறந்து பார்த்துட்டு மூடியை மாத்திப் போட்டவ நான். என் தப்புக்கு அவரைக் கத்தினதும் நான்தான். அந்தத் தச்சரும் ஒரு தப்பும் பண்ணலை, என் வீட்டுச் சுவர்தான் கோணல். போய் எல்லார்கிட்டயும் சொல்லு. இவரை மாதிரி சுவர் பார்க்க இங்க வேற ஆளே கிடையாது."

ரேடியோ வாயைப் பிளந்துட்டு நின்னா. நான் தப்புன்னு நானே சொல்லி அவ கேட்டதே இல்லை.

உள்ள  உப்புத்தாள் சர்ரு சர்ருன்னு மறுபடி தேய்க்க ஆரம்பிச்சுது.