கோடியக்கரைக்கு முன் ஒரு தூர்வாரல்

காலை 11.20, தஞ்சாவூர். நாங்கள் புறப்பட வேண்டிய நேரம் ஆறு மணி. இடைப்பட்ட ஐந்தேகால் மணி நேரமும் வாசலில் குந்தி உட்கார்ந்து நான் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். விளைவு, ஆறு மணிக்கு ஒரு கோளாறோடு இருந்த வண்டி பதினொன்றேகாலுக்கு இரண்டு கோளாறுகளோடு தயாரானது.

முதல் கோளாறு மூன்று வாரமாக இருப்பது. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடாது, அதாவது ஐடிலிங் இல்லை. ஓடும்போது தங்கம். ஆக்சிலரேட்டரை விட்டால் போதும், மேடையேறிய புதுப் பேச்சாளர் மாதிரி கனைத்து, திக்கி, அணைந்துவிடும். இரண்டாவது கோளாறு என் கைவண்ணம். பதினாறு வருடம் நான் ஓட்டியது கார்புரேட்டர் வண்டி. எந்த நோய்க்கும் ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருகினால் சரியாகிவிடும். இப்போதைய வண்டியோ பெட்ரோலை ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் ரகம். இதிலும் தேடிப்பிடித்தேன் ஒரு ஸ்க்ரூவை. அதன்மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. ‘தொடாதே’ என்பதற்காகத் தொழிற்சாலையில் போட்ட கோடு. என் காதில் மட்டும் ‘இங்கேதான் இருக்கிறேன், வா’ என்று விழுந்தது. பெயிண்டைச் சுரண்டி, ஒன்றரைச் சுற்றுத் திருகினேன்.

பின் இருக்கையில் மனைவி மங்கை, பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பதவி உயர்வில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாற்றல், திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்குமுன் கோடியக்கரைக்குப் போய்ப் பூநாரைகளைப் பார்க்க வேண்டும் என்பது அவள் கேட்ட ஒரே ஒரு விஷயம். பன்னிரண்டு வருடமாகக் கேட்கிறாள். ஒவ்வொரு குளிர்காலமும் நான் “அடுத்த மாசம்” என்பேன். அடுத்த மாதம் வெயில் ஏறிவிடும், பறவைகள் கிளம்பிவிடும். இன்று சனிக்கிழமை. நாளை மூட்டை கட்டும் வேலை. ஆகவே இன்று பொழுது சாய்வதற்குள் பார்த்தால் உண்டு.

பஸ்ஸில் போயிருக்கலாம். நான்தான், “வண்டின்னா நெனச்ச எடத்துல நிறுத்தி நிறுத்திப் போலாம்” என்றேன். வண்டி என் வாக்கை அப்படியே காப்பாற்றியது.

பகல் 12.50, மன்னார்குடி. சுமார் 37 கிலோமீட்டர். டீ பதினைந்து ரூபாய், ஆலோசனை இலவசம். பக்கத்தில் டீ குடித்தவர் பிளக்கை மாற்றச் சொன்னார், மாற்றியாகிவிட்டது. டீக்கடைக்காரர் டேங்கில் ஊற்றும் மருந்து ஒன்றைச் சொன்னார், ஊற்றியாகிவிட்டது. “அப்ப இன்ஜெக்டரே போயிருக்கும்” என்று இருவரும் சேர்ந்து வண்டிக்கு இரங்கல் தெரிவித்தார்கள்.

பிற்பகல் 2.20, திருத்துறைப்பூண்டி. அறுவடைக் காலம். சாலையில் பாதியை நெல் காயப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள், மீதியை வைக்கோல் டிராக்டர்கள். வேகம் குறைக்கும் ஒவ்வோர் இடத்திலும் வண்டி அணைந்தது. ஓர் ஆட்டுக்குட்டிக்கு வழிவிட்டதில் இரண்டு முறை அணைந்தது.

“நான் எறங்கவா, இல்ல இப்படியே பழகிக்கவா?” என்றாள் மங்கை. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

3.05. வேதாரண்யம் சாலையில் ஆறு கிலோமீட்டர் தாண்டியதும் வண்டி மொத்தமாகப் படுத்தது. தள்ளிக்கொண்டே போனதில் ஒரு தகரக் கொட்டகை தெரிந்தது. மெக்கானிக் ஜபருல்லா, மஸ்கட்டில் பதினொரு வருடம் கார் பட்டறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். அதன் உரிமையாளர் ராசேந்திரன், பக்கத்து ஊர் விவசாயி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார்.

“இத முடிக்க ஒரு மணி நேரம் ஆவும் ஸார்” என்றார் பாய்.

மங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “இருட்டறதுக்குள்ள கோடியக்கரை போகணும் பாய். பூநாரை பார்க்க. திங்கக்கெழம நான் ஊரை விட்டே போறேன்.”

ராசேந்திரன் அவளைப் பார்த்தார், ஸ்பிரேயரைப் பார்த்தார். “எம் முறைய டீச்சருக்கு விட்டுடறேன் பாய். எனக்கு நாளைக்கு அடிச்சாலும் பூச்சி அங்கதான் இருக்கும்.”

முறை என்ற சொல் அந்தப் பக்கத்தில் லேசானதல்ல. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் தன் முறையை விட்டுக்கொடுப்பதை யாரும் விளையாட்டாகச் செய்வதில்லை. நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் வாளியை எனக்குத் தள்ளிவிட்டார்.

பாய் கேள்விகளால் வைத்தியம் பார்த்தார். “ஓடறப்ப நல்லா ஓடுதா?”

“தங்கமா ஓடுது பாய்.”

“மீட்டர்ல இன்ஜின் லைட்டு எரியுதா?”

“இல்ல.”

“அப்ப இன்ஜெக்டர இப்பக் கொற சொல்லாதீங்க. பெட்ரோல் வருது. காத்துதான் வரலன்னு தோணுது.” டேங்கைத் தூக்கி வைத்தார். காற்று நுழையும் உலோகக் குழாயைக் கழற்றினார். சட்டென்று நிமிர்ந்தார். “இந்த மஞ்சப் பெயிண்ட்ட சொரண்டுன மகராசன் யாரு?”

“முன்னாடி ஒரு மெக்கானிக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“அந்த மெக்கானிக்கு உங்க வாளிமேலதான் உக்காந்திருக்காரு” என்றாள் மங்கை.

ராசேந்திரன் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. நான் சுரண்டியதில் மிஞ்சிய மஞ்சள் கோட்டின் இரண்டு துண்டுகளும் மறுபடி ஒரே நேர்கோட்டில் வரும்வரை பாய் ஸ்க்ரூவைத் திருப்பினார். ஒன்றரைச் சுற்று. என் காலை நேர உழைப்பு முழுவதும் ஒரு நிமிடத்தில் அழிந்தது.

பிறகு குழாயைக் காட்டினார். உள்ளே ஒரு தகடு. ஆக்சிலரேட்டரை விட்டால் தகடு மூடிக்கொள்ளும். அப்போது இன்ஜின் உயிர்பிழைப்பது பக்கவாட்டில் இருக்கும் ஊசித் துளை வழியாக வரும் காற்றில். அந்தத் துளை கரி பிடித்து, கண்ணுக்கு எழுதும் மை மாதிரி கறுத்திருந்தது.

ராசேந்திரன் குனிந்து பார்த்தார். “அட, இது நம்ம கத. மதகுல கோளாறு இல்ல, தண்ணியிலயும் கோளாறு இல்ல. சின்ன வாய்க்கா தூந்துபோச்சு. கடமடைக்குச் சொட்டு போவல. தூர் வாரணும், அவ்ளோதான?”

“அவ்ளோதான்” என்றார் பாய்.

மூன்று வாரமாக எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் எதையாவது மாற்றச் சொன்னார்கள். வாய்க்காலின் கடைசி வயலான கடைமடையில் பயிர் வைப்பவருக்குத்தான், ஒன்றையும் மாற்ற வேண்டாம், அடைப்பை எடு என்று பார்த்ததும் தெரிந்தது.

பாய் கார்பன் கரைக்கும் ஸ்பிரேயை அடித்து, மெல்லிய துணியால் பொறுமையாகத் துடைத்தார். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிவிடலாமே என்றேன். ராசேந்திரன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

3.50. இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. “இப்ப பத்து நிமிஷம் சும்மா ஓடட்டும். புதுக் காத்துக் கணக்க கம்ப்யூட்டர் தானா படிச்சுக்கும். ஆக்சிலரேட்டர யாரும் தொடக்கூடாது.”

இதைவிடக் கடினமான வேலையை வாழ்க்கையில் யாரும் எனக்குத் தந்ததில்லை. எட்டாவது நிமிடம் சத்தம் லேசாகத் தாழ்ந்தது. என் கை எனக்கு முன்னால் பாய்ந்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டது.

“போச்சு. மொதல்லேருந்து” என்று இன்ஜினை நிறுத்தினார் பாய்.

“ஸார் கையப் புடிச்சு அந்தத் தூண்ல கட்டுங்கப்பா” என்றார் ராசேந்திரன்.

மங்கை கொட்டகைக்கு வெளியே போய் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முழுதும் நான் சொன்ன நகைச்சுவைகள் அத்தனையும் அந்த முதுகின்மேல் பட்டு உதிர்ந்தன. பாய் இரண்டு டம்ளர் டீ வரவழைத்து, என் கைக்கு ஒன்றாகக் கொடுத்தார். ஆறும்வரை குடிக்கவும் முடியாமல், கீழே வைக்க இடமும் இல்லாமல், பத்து நிமிடம் நேர்ந்துவிட்டவன் போல நின்றேன்.

4.20. வண்டி தூங்கும் குழந்தை மாதிரி மூச்சு விட்டது. இருநூற்றைம்பது ரூபாய் போதும் என்றார் பாய். ராசேந்திரன் எங்களை விரட்டினார்: “கெளம்புங்க டீச்சர், கெளம்புங்க. பறவ என்ன, உங்க வீட்டுக்காரர் வண்டியா, நின்னுக்கிட்டே இருக்க?”

5.25, கோடியக்கரை. வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் பதினொரு கிலோமீட்டர். உப்பளங்களுக்கு அப்பால், ஆழமில்லாத நீரில் வெளிறிய ஒரு நீளக் கோடு. நான் உப்புக் குவியல் என்று நினைத்தேன். கோடு நடந்தது.

மங்கை செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையோரம் போனாள். பறவைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டே வட்டமிட்டன. “சேத்த மிதிச்சுக் கெளப்பி விட்டு இரைய வடிகட்டுதுங்க” என்றாள் மெதுவாக. ஒன்று சிறகை விரித்தது. உள்ளே ஒளித்து வைத்திருந்த சிவப்பும் கறுப்பும் ஒரு கணம் தெரிந்து மூடிக்கொண்டன. அவள் ‘அய்யோ’ என்றாள். கல்யாண வீட்டில் நல்ல புடவையைப் பார்த்துச் சொல்கிற ‘அய்யோ’. சூரியன் இறங்கி, பறவையும் நீரும் ஒரே நிறமாகும்வரை திரும்பவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து இந்த இடம் நூற்றுப் பத்து கிலோமீட்டர் சொச்சம். இதைக் கடக்க எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனதற்கு எந்த வண்டியையும் குறை சொல்ல முடியாது.

6.50, வேதாரண்யம். ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்தபடி அவள் சொன்னாள். “இத்தன வருஷமா பறவைங்க பாடத்த எப்படி ஆரம்பிப்பேன் தெரியுமா? ‘எல்லாரும் படத்தைப் பாருங்க’ன்னு. திங்கக்கெழம அங்க ஒரு முகமும் எனக்குத் தெரியாது. ஆனா முதல் வரி கெடச்சிடுச்சு.”

“என்ன வரி?”

அவள் வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“முந்தாநாள் சாயங்காலம் நான் பூநாரை பார்த்தேன்.”